கொழும்பிலிருந்து மைலில் பறக்க: ஃப்ளைஸ்மைல்ஸா, ஏவியோஸா, கிறிஸ்ஃப்ளையரா?

கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேரே போகும் ஸ்ரீலங்கன் விமானத்தில் ஒரே இருக்கையை மூன்று வழியில் மைலுக்கு, அதாவது பறந்தும் கடனட்டையில் செலவழித்தும் சேர்க்கும் புள்ளிகளுக்கு, எடுக்கலாம். ஸ்ரீலங்கனின் சொந்தத் திட்டமான ஃப்ளைஸ்மைல்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ், கதே பசிபிக்கின் ஏஷியா மைல்ஸ் என்ற மூன்றுமே அந்த இருக்கைக்குச் செல்லும். இருக்கை ஒன்று, சாப்பாடும் ஒன்று. ஆனால் கணக்கில் கழியும் மைல், கையிலிருந்து கட்டும் பணம், பயணம் தள்ளிப்போனால் யாருக்குப் போன் எடுப்பது என்ற மூன்றும் வழிக்கு வழி மாறும். இவற்றில் மூன்றாவதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பெரும்பாலான சிக்கல்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கொழும்பில் இருப்பவருக்கு உண்மையில் எட்டக்கூடிய தெரிவுகள் நான்கு. ஃப்ளைஸ்மைல்ஸ் ஒன்று. கட்டார் ஏர்வேஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் இன்னும் சில நிறுவனங்களும் பொதுவாக வைத்திருக்கும் ஏவியோஸ் இரண்டாவது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிறிஸ்ஃப்ளையர் மூன்றாவது. நான்காவது, கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் பிள்ளைகள் அங்கே சேர்த்துவைத்திருக்கும் புள்ளிகள். முதல் இரண்டும் வன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணிக்குள் வருபவை. ஸ்ரீலங்கன் அதில் 2014 மே 1 அன்று சேர்ந்தது. கட்டார், மலேசியா ஏர்லைன்ஸ், கதே பசிபிக் ஆகியவையும் அதே கூட்டணி. கிறிஸ்ஃப்ளையர் ஸ்டார் அலையன்ஸைச் சேர்ந்தது. கொழும்புக்கு வரும் டர்கிஷ், எயார் இந்தியா, தாய் ஆகியவை அந்தப் பக்கம். மூன்றாவது கூட்டணியான ஸ்கைடீமுக்குக் கொழும்பிலிருந்து வலை மெல்லியது, அதை இங்கே விட்டுவிடலாம். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை, அதன் ஸ்கைவர்ட்ஸ் தனிக் கணக்கு.

ஒரு தவறான எண்ணத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். கூட்டணி ஒன்று என்பதால் மைல்களை ஒரு திட்டத்திலிருந்து மற்றதற்கு மாற்ற முடியாது. ஃப்ளைஸ்மைல்ஸில் 20,000, கட்டாரில் 20,000 வைத்திருந்தால் அது 40,000 ஆகாது. இரண்டும் அரைகுறையாகவே கிடக்கும். கூட்டணி தருவது ஒரு திட்டத்தின் மைலால் இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏறும் உரிமையை மட்டும். இதற்கு விலக்கு ஏவியோஸ் குடும்பம். கட்டார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஃபின்எயார் கணக்குகளுக்கிடையே ஏவியோஸை ஒன்றுக்கு ஒன்றாக நகர்த்தலாம். ஆகவே புதிதாகச் சேர்ப்பவர் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு அட்டை எடுக்காமல் ஒரு திட்டத்தைப் பிடித்து அதிலேயே சேர்ப்பது நல்லது. கட்டாரிலோ மலேசியாவிலோ காசு கொடுத்துப் பறக்கும்போதும் அதே வன்வேர்ல்ட் இலக்கத்தைக் கொடுக்கலாம்.

டிக்கெட்டை வெட்டியவரே பொறுப்பாளி

மின்னஞ்சலில் வரும் டிக்கெட்டில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 603 என்றால் ஸ்ரீலங்கன் வெட்டியது, அதாவது வழங்கியது. 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 157 கட்டார், 618 சிங்கப்பூர், 014 எயார் கனடா. நீங்கள் ஏறப்போவது ஸ்ரீலங்கன் விமானமாக இருந்தாலும் எண் 125 என்று தொடங்கினால், புறப்படும் நாள்வரை அந்த டிக்கெட்டை மாற்றவும் ரத்துச் செய்யவும் திருப்பி எழுதவும் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்குத்தான் அதிகாரம். கொழும்பில் ஸ்ரீலங்கன் அலுவலகத்தில் போய் நின்றால், "நீங்கள் எடுத்த இடத்தில்தான் கேட்க வேண்டும்" என்ற பதில் வரும். அது அலட்சியம் அல்ல. அவர்களுடைய திரையில் அந்த டிக்கெட்டைத் தொடுவதற்கு வழி இல்லை.

இதனால்தான் மைல் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் திட்டத்தைத் தெரிவு செய்யக் கூடாது. வயதான பெற்றோர் தனியாகப் போகும் பயணம், திகதி நிச்சயமில்லாத பயணம் என்றால், கொழும்பு நேரத்தில் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசித் தீர்க்கக்கூடிய திட்டம் கொஞ்சம் அதிக மைல் கேட்டாலும் மலிவுதான். நீங்களே பயணிப்பவர், இணையத்தில் எல்லாவற்றையும் செய்யத் தெரிந்தவர், திகதி உறுதி என்றால் வெளித் திட்டங்களின் விலையைப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

ஃப்ளைஸ்மைல்ஸ்

ஃப்ளைஸ்மைல்ஸின் பலம் ஸ்ரீலங்கனின் சொந்த நேரடிப் பறப்புகளில் இருக்கிறது: லண்டன், மெல்பேர்ண், சிட்னி, இந்திய நகரங்கள், வளைகுடா. எந்த விமான நிறுவனமும் தன் சொந்த உறுப்பினர்களுக்குத் திறக்கும் இருக்கைகளை முழுவதுமாகக் கூட்டாளித் திட்டங்களுக்குத் திறப்பதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் பக்கத்தில் ஸ்ரீலங்கன் லண்டன் விமானத்துக்கு "இருக்கை இல்லை" என்று வந்தாலும் ஃப்ளைஸ்மைல்ஸில் இருக்கக்கூடும். இதற்கு எதிர்மாறாக நடப்பது அரிது. கொழும்பு வங்கிகள் பலவற்றின் கடனட்டைப் புள்ளிகள் ஃப்ளைஸ்மைல்ஸுக்கு மாறுவதும் ஒரு வசதி. உங்கள் அட்டையின் மாற்று வீதத்தையும் குறைந்தபட்சத் தொகையையும் வங்கியின் பக்கத்தில் பாருங்கள். ஒரே வங்கியிலேயே அட்டைக்கு அட்டை அது வேறுபடும்.

பலவீனம் கூட்டாளி விமானங்களில். கொழும்பு–தோஹா–ரொறன்ரோ போன்ற கலப்புப் பயணத்துக்கு ஸ்ரீலங்கன் திட்டத்தில் இருக்கை தேடுவதும் பதிவதும் இணையத்தில் அவ்வளவு இலகுவாக நடக்காது. அதற்கு ஏவியோஸ் சிறந்தது.

அடிக்கடி பறப்பவருக்குத் திட்டம் தரும் தரநிலையையும் சொல்லிவிட வேண்டும். ஃப்ளைஸ்மைல்ஸ் கிளாசிக் வன்வேர்ல்டில் ரூபிக்குச் சமம், கோல்ட் சஃபையருக்கு, பிளாட்டினம் எமரல்டுக்கு. கோல்ட் இருந்தால் கூட்டணியின் எந்த விமானத்தில் போனாலும் லவுஞ்ச் கிடைக்கும், மைலுக்கு எடுத்த டிக்கெட் என்றாலும். அடிக்கடி காசு கொடுத்து ஸ்ரீலங்கனில் போகிறவருக்கு இது ஒரு காரணம். வருடத்துக்கு ஒருமுறை போகிறவர் இதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

ஏவியோஸ்

ஏவியோஸின் பெரிய நன்மை அது சாகாமல் இருப்பது. கணக்கில் 36 மாதங்களுக்குள் ஒரு சிறு அசைவு இருந்தால் போதும், ஒரு ஏவியோஸ் சேர்ந்தாலும் செலவானாலும் எல்லாவற்றின் காலமும் புதிதாகத் தொடங்கும். மூன்று நான்கு வருடம் சேர்த்து ஒரு பெரிய பயணம் போக நினைக்கும் குடும்பத்துக்கு இது பொருந்தும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் குடும்பக் கணக்கு திறந்து வீட்டு உறுப்பினர்களின் ஏவியோஸைச் சேர்த்துச் செலவழிக்கவும் முடியும்.

விலை தூரத்தைப் பொறுத்தது. கூட்டாளி விமானங்களில் ஒவ்வொரு பறப்பையும் தனியாக எண்ணி அடுக்குப்படி போடுவார்கள். கொழும்பு–சென்னை சுமார் 400 மைல் தூரம், கொழும்பு–கோலாலம்பூர் 1,500க்குச் சற்று மேல், கொழும்பு–தோஹா 2,250 அளவு, கொழும்பு–லண்டன் 5,400. குறுகிய நேரடிப் பறப்பு மலிவு. இடையில் மாறும் பயணத்தில் கணக்கு ஏறிவிடும். ஆகவே நேரடி விமானம் இருக்கும்போது ஏவியோஸ் நன்றாக வேலை செய்யும்.

பணப் பகுதிதான் கவனிக்க வேண்டியது. மைல் டிக்கெட்டிலும் விமான நிலைய வரியும் அரசாங்கத் தீர்வைகளும் கட்ட வேண்டும், அதை யாரும் தவிர்க்க முடியாது. அதற்கு மேல் நிறுவனமே போடும் கட்டணம் ஒன்று உண்டு. டிக்கெட்டின் வரி விவரத்தில் "வைக்யூ" அல்லது "வைஆர்" என்ற எழுத்துகளோடு வரும். எரிபொருள் மேலதிகக் கட்டணம் என்று பெயர், ஆனால் எரிபொருள் விலையோடு அது இறங்குவதில்லை. ஏவியோஸ் திட்டங்கள் இதைப் பயணியிடம் வாங்குகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017இல் தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுகளில் இதை நீக்கிவிட்டது. எயார் கனடாவின் ஏரோபிளான் 2020 நவம்பருக்குப் பிறகு எந்தக் கூட்டாளி விமானத்துக்கும் இதை வாங்குவதில்லை, கூட்டாளிப் பதிவுக்கு 39 கனேடிய டொலர் மட்டும் எடுக்கிறது.

லண்டனிலிருந்து புறப்படுவோருக்கு இன்னொரு சுமை: இங்கிலாந்து அரசின் விமானப் பயணி வரி. இது புறப்பாட்டுக்கு மட்டும், வந்திறங்குவதற்கு இல்லை. எகானமியை விட மேலான எந்த வகுப்புக்கும் இது இரண்டு மடங்குக்கு மேல் வரும். எகானமியில் பயணிக்கும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வரியே இல்லை. மைல் குறைவாக இருப்பவர் பிசினஸ் வகுப்பில் ஒரு வழி மட்டும் போக நினைத்தால், கொழும்பிலிருந்து போகும் வழியைப் பிசினஸில் எடுத்துத் திரும்பும் வழியை எகானமியில் எடுப்பது இந்த வரியைக் குறைக்கும். ஒரே டிக்கெட்டில் லண்டனில் விமானம் மாறி ரொறன்ரோ போகிறவர் 24 மணித்தியாலத்துக்குள் அங்கிருந்து கிளம்பிவிட்டால் இந்த வரி விழாது. இரண்டு நாள் மச்சாள் வீட்டில் தங்கிவிட்டுப் போகலாம் என்று பதிந்தால் விழும்.

ரத்து விதியில் ஏவியோஸ் தாராளம். பிரிட்டிஷ் ஏர்வேஸில் புறப்பாட்டுக்கு 24 மணித்தியாலம் முன்புவரை ஒருவருக்கு 35 பவுண்ட் கழித்துக்கொண்டு மீதி வரியையும் ஏவியோஸையும் திருப்பித் தருவார்கள். திகதி உறுதியாகாதவருக்கு இது பெரிய ஆறுதல். வீசா வருமா வராதா என்று தெரியாமலே இருக்கையைப் பிடித்து வைக்கலாம்.

கிறிஸ்ஃப்ளையர்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நீண்டதூர உயர்வகுப்பு இருக்கைகளைப் பிற திட்டங்களுக்கு ஏறக்குறைய திறப்பதே இல்லை. சிங்கப்பூர் வழியாக அவுஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ பிசினஸில் போக ஆசை என்றால் கிறிஸ்ஃப்ளையர் தவிர வேறு நல்ல வழி இல்லை. சேவர் என்ற மலிவு விலையில் இருக்கை இல்லாவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடலாம், அது சொந்த விமானங்களுக்கு மட்டும். மாதந்தோறும் அறிவிக்கும் தள்ளுபடிப் பறப்புகளில் 30 வீதம்வரை மைல் குறையும். அவை குறுகிய காலத்துக்கு, மாற்ற முடியாத டிக்கெட்டுகள். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் 1,700 மைல் தூரம்தான், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே வீசா தேவையில்லை. ஆகவே இடைவழித் தங்கல் வைத்துப் போகவும் இதில் சுகம்.

ஆனால் கிறிஸ்ஃப்ளையர் மைல் 36 மாதத்தில் காலாவதியாகும், கணக்கில் எவ்வளவு அசைவு இருந்தாலும். கட்டணம் கட்டி ஆறு மாதம் நீட்டலாம், அவ்வளவுதான். காலாவதித் திகதி நெருங்கிய மைலால் டிக்கெட் எடுத்து, திகதி கடந்தபின் ரத்துச் செய்தால் அந்த மைல் திரும்பாது. எனவே இதில் மெதுவாகச் சேர்க்கும் குடும்பம் தோற்கும். இரண்டு வருடத்துக்குள் சேர்த்துச் செலவழிக்கக்கூடியவருக்கே இது. கூட்டாளி விமானம், உதாரணமாக டர்கிஷ், எடுத்தால் மேலதிகக் கட்டணம் திரும்பவும் வந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மற்றவருக்கு டிக்கெட் எடுக்க, அவரை முதலில் பயனாளியாகப் பதிய வேண்டும். ஐந்து பேர்தான் இடம். பட்டியலில் ஒருவரை மாற்றக் கட்டணமும் உண்டு. பெரிய குடும்பங்கள் யாரைப் போடுவது என்று முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும்.

ஒரு மைலின் ரூபாப் பெறுமதி

காசு டிக்கெட்டின் விலையிலிருந்து மைல் டிக்கெட்டுக்குக் கட்டும் பணத்தைக் கழித்து, மீதியை மைல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு மைலின் பெறுமதி வரும். கணக்குக்காக வைத்த எண்கள்: காசு டிக்கெட் 240,000 ரூபா. மைல் டிக்கெட் 40,000 மைலும் 70,000 ரூபாவும். மீதி 170,000, ஒரு மைல் 4.25 ரூபா. உங்கள் அட்டை 200 ரூபாவுக்கு ஒரு மைல் தருகிறது என்று வையுங்கள். 40,000 மைல் சேர்க்க 80 இலட்சம் ரூபா செலவழித்திருக்கிறீர்கள். அதே செலவுக்கு 1 வீதம் பணம் திருப்பித் தரும் அட்டை 80,000 ரூபா தந்திருக்கும், அதாவது மைலுக்கு 2 ரூபா. இந்தப் பயணத்தில் மைல் வென்றது.

இப்போது சென்னை. காசு 45,000 ரூபா, மைல் டிக்கெட்டுக்கு 12,000 மைலும் 30,000 ரூபாவும் என்று வையுங்கள். ஒரு மைல் 1.25 ரூபாதான் வருகிறது. இங்கே காசைக் கொடுத்துவிட்டு மைலைச் சேமிக்க வேண்டும். குறுகிய பறப்புகளில் வரியின் பங்கு பெரிது என்பதால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். ஆனால் கடைசி நேரம், சாவு வீடு, திருவிழாக் காலம் என்று காசு விலை மும்மடங்காகும்போது அதே 12,000 மைல் நல்ல மருந்து. நாளை காலை போக வேண்டும் என்ற நிலையில் காலியாகப் போகும் இருக்கைகளைச் சில நிறுவனங்கள் மைலுக்குத் திறப்பதுண்டு. பிசினஸ் வகுப்பில் மட்டும் கணக்கு ஏமாற்றும். 9 இலட்சம் ரூபா என்று எழுதியிருப்பதை நீங்கள் காசு கொடுத்து ஒருபோதும் வாங்கமாட்டீர்கள் என்றால், அதற்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலையை வைத்து வகுங்கள்.

ரொறன்ரோவுக்கு அம்மா போக வேண்டும்

இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மைலின் முதல் பயன் இதுவாகவே இருக்கிறது. வெள்ளவத்தையில் அம்மா, ஸ்காபரோவில் மகள். மகளிடம் ஏரோபிளான் புள்ளிகள், இங்கே மகனிடம் ஃப்ளைஸ்மைல்ஸ்.

இந்தப் பயணத்துக்கு மகளின் ஏரோபிளானைத் தெரிவதே சரி. கொழும்பு–இஸ்தான்புல்–ரொறன்ரோ டர்கிஷில் ஒரே டிக்கெட்டாக வரும். வைக்யூ இல்லை. ஒரு வழிப் பயணத்திலேயே 5,000 புள்ளி கூட்டிக் கொடுத்து இடையில் தங்கலாம். கட்டார் வழியே தோஹா–ரொறன்ரோ வேண்டுமென்றால் ஏவியோஸ். லண்டன் வழியே ஸ்ரீலங்கனும் பிறகு இன்னொரு நிறுவனமுமாக இரண்டு தனி டிக்கெட் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். தனித் தனி டிக்கெட்டில் முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவதை யாரும் மாற்றித் தரக் கடமைப்பட்டவர் அல்ல. பெட்டியைக் கடைசிவரை அனுப்பவும் கடமையில்லை. 68 வயது அம்மா ஹீத்ரோவில் பெட்டி எடுக்க வெளியே வர வேண்டுமானால் இங்கிலாந்து வீசாக் கேள்வியும் எழும்.

வீசாவை மைல் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு லண்டனில் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறவே வான்பக்கக் கடப்பு வீசா தேவை. கனடாவின் செல்லுபடியான வீசாவோடு கனடாவுக்குப் போகிறவருக்கு விலக்கு உண்டு. ஷெங்கன் நாடுகளிலும் இலங்கை, விமான நிலையக் கடப்பு வீசா தேவைப்படும் பட்டியலில் இருக்கிறது, அங்கும் விலக்குகள் உண்டு. பாரிஸ் வழியே 8,000 மைல் குறைவு என்று பார்த்து எடுத்துவிட்டு, கட்டுநாயக்கவில் செக்கின் மேசையில் திருப்பி அனுப்பப்பட்டால் அந்த மைல் சேமிப்பு எதற்கும் உதவாது. போகும்போது செல்லுபடியான வீசா, அம்மா ஆறு மாதம் தங்கித் திரும்பும்போது முடிந்திருக்கலாம். திரும்பும் வழியையும் அதே கண்ணால் பாருங்கள். தோஹா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் உள்ளேயே விமானம் மாறுவதில் இந்தத் தொல்லை இல்லை.

பெயர்

தமிழ்ப் பெயர்கள் மைல் டிக்கெட்டில் தனியான தலையிடி. கணக்கை "எஸ். ரவீந்திரன்" என்று தொடங்கியிருப்பார், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். பதியும்போது திட்டம் கணக்கிலுள்ள பெயரை அப்படியே டிக்கெட்டில் போடும். காசு டிக்கெட்டில் பெயர் திருத்தம் ஒரு தொலைபேசி அழைப்பு. கூட்டாளி விமானத்து மைல் டிக்கெட்டில் பெயரைத் திருத்த டிக்கெட்டை ரத்துச் செய்து மறுபடி எடுக்க வேண்டி வரலாம், அதற்குள் இருக்கை போய்விடும். கணக்குத் தொடங்கும் நாளே கடவுச்சீட்டின் கீழே இயந்திரம் வாசிக்கும் வரியைப் பார்த்து, குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். கட்டார் கணக்கையும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்கையும் இணைக்கும்போதும் பெயர், பிறந்த திகதி, மின்னஞ்சல் பொருந்தாவிட்டால் இணையாது.

இருக்கை தேடும் விதம்

நால்வருக்கு ஒரேயடியாகத் தேடினால் "இல்லை" என்று வரும். ஒருவருக்குத் தேடிப் பாருங்கள், பிறகு இருவருக்கு. இரண்டு இருக்கைதான் இருந்தால் இருவரை இந்த விமானத்திலும் இருவரை அடுத்த நாளும் வைக்கலாம். போவதையும் திரும்புவதையும் தனித்தனியாகத் தேடுங்கள். பதிவு திறக்கும் நாள் திட்டத்துக்குத் திட்டம் வேறு: பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூரும் 355 நாள் முன்னால், கதே 360, அமெரிக்கன் 331. பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டன் நள்ளிரவை ஒட்டித் திறக்கும், கொழும்பில் அப்போது அதிகாலை. டிசம்பர் பாடசாலை விடுமுறை, ஏப்ரல் புத்தாண்டு, நல்லூர் திருவிழாக் கால ஓகஸ்ட் ஆகியவற்றுக்கு இந்த முதல் நாள்தான் வழி. மற்ற மாதங்களில் புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பும் இருக்கை திறப்பதுண்டு.

பக்கத்தில் தெரியும் இருக்கை உண்மையில் இல்லாமலும் போகலாம். கூட்டாளியின் பக்கம் பழைய நிலையைக் காட்டிக்கொண்டிருக்கும், பணம் கட்டும் கட்டத்தில் பிழை வரும். அதனால் அதே விமானத்தை இரண்டாவது திட்டம் ஒன்றின் பக்கத்திலும் பார்த்து உறுதி செய்தபின்னரே வங்கிப் புள்ளிகளை மாற்றுங்கள். வங்கியிலிருந்து போன புள்ளி திரும்பி வராது, போய்ச் சேர நாட்களும் ஆகலாம்.

பணம் கட்டும்போது கொழும்பு அட்டைகள் மறுக்கப்படுவது பெரும்பாலும் வெளிநாட்டு இணையப் பரிமாற்றம் திறக்கப்படாததால். முதல் நாளே வங்கிச் செயலியில் திறந்து வையுங்கள். பவுண்டிலோ டொலரிலோ கட்டும்போது வங்கி தன் மாற்றுக் கட்டணத்தைச் சேர்க்கும், பெறுமதிக் கணக்கில் அதையும் போடுங்கள். மைல் கழிந்து, பதிவு எண் வந்து, டிக்கெட் மட்டும் வராமல் நிற்பது நடக்கும். பதிவு எண் இருப்பது டிக்கெட் இருப்பதாகாது. 13 இலக்க எண் வரும்வரை வேலை முடியவில்லை. 24 மணித்தியாலத்தில் வராவிட்டால் அழையுங்கள்.

பதிந்த பிறகு

ஒரு பயணத்துக்கு இரண்டு பதிவு எண்கள் இருக்கும். டிக்கெட் வெட்டியவருடையது ஒன்று, விமானம் ஓட்டுபவருடையது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டு வாங்கி, ஓட்டும் நிறுவனத்தின் பக்கத்தில் போட்டு இருக்கை எண், சக்கர நாற்காலி, உணவு மூன்றையும் நீங்களே பதியுங்கள். உணவில் ஒரு எச்சரிக்கை: "இந்து உணவு" என்பது சைவம் அல்ல. மாட்டிறைச்சி இருக்காது, ஆனால் கோழியோ மீனோ வரலாம். சைவம் சாப்பிடுபவருக்கு "ஆசிய சைவ உணவு" என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். விமானம் மாறினால் ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனியாக.

பத்து மாதம் முன்னால் எடுத்த டிக்கெட்டில் நேரம் மாறாமல் இருப்பது அரிது. ஓட்டும் நிறுவனம் நேரத்தை மாற்றும்போது பதிவில் பழைய பறப்பு "யூஎன்" என்றும் புதியது "டிகே" என்றும் நிற்கும். அதை ஏற்று டிக்கெட்டைத் திருப்பி எழுத வேண்டியவர் வெட்டியவர். எழுதாமல் விட்டால் பதிவு சரியாகத் தெரியும், ஆனால் டிக்கெட்டில் பழைய நேரம் இருக்கும். பிறகு விமான நிலையத்தில் செக்கின் திறக்காது. மாதம் ஒருமுறை இரண்டு பக்கத்திலும் போய்ப் பாருங்கள். நேரம் கணிசமாக மாறியிருந்தால் அது உங்களுக்கு நல்ல சந்தர்ப்பமும் கூட. அந்த நிலையில் பெரும்பாலான திட்டங்கள் கட்டணமின்றி ரத்துச் செய்யவோ வேறு நாளுக்கு மாற்றவோ விடும். அவசரப்பட்டு "ஏற்கிறேன்" என்று அழுத்துவதற்கு முன் வேறு நாள் இருக்கை இருக்கிறதா என்று பார்த்து, அந்த விமான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

முதல் பறப்பை விட்டுவிட்டு இடையில் ஏறலாம் என்று நினைக்க வேண்டாம். முதலாவதில் ஏறாவிட்டால் மீதி எல்லாம் தானே ரத்தாகும்.

தாமத நட்டஈடு மைல் டிக்கெட்டுக்கும் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. இங்கிலாந்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் அந்நாட்டுச் சட்டம் பொருந்தும், மைல் திட்டத்தின் கீழ் எடுத்த டிக்கெட்டும் அதில் அடங்கும். லண்டன்–கொழும்பு ஸ்ரீலங்கனில் நிறுவனத்தின் பொறுப்பிலான காரணத்தால் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் தாமதித்து வந்தால் 520 பவுண்ட், மூன்று முதல் நான்கு மணித்தியாலமென்றால் அதன் பாதி. கொழும்பிலிருந்து லண்டன் போகும்போது ஸ்ரீலங்கனுக்கு இது பொருந்தாது. கோரிக்கையை எப்போதும் விமானம் ஓட்டிய நிறுவனத்திடம் வையுங்கள், மைல் வாங்கிய திட்டத்திடம் அல்ல. போர்டிங் பாஸையும் 13 இலக்க எண்ணையும் அதுவரை எறியாதீர்கள்.